சிக்கல் சிவப்பு அறைக்கு வெளியே இருக்கிறது

கேள்வி: “‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே’ முதல் பாகத்தை இரண்டே ராத்திரியில் முடித்துவிட்டேன். நடை எரிச்சலூட்டியது, ஆனால் கீழே வைக்க மனம் வரவில்லை. கிறிஸ்டியன் மேல் கோபம் கோபமாக வந்தது. அவன் வராத பக்கங்களோ சலித்தன. கடைசியில் அழுதும் விட்டேன். பிடித்தது என்றால் தோழிகள் சிரிக்கிறார்கள், பிடிக்கவில்லை என்றால் பொய். என்னிடம் ஏதாவது கோளாறா? அந்த ஒப்பந்தம், சேஃப் வேர்ட் எல்லாம் நிஜத்தில் இப்படித்தான் நடக்குமா? அடுத்த பாகங்களைப் படிக்கலாமா?”

கோளாறு ஒன்றும் இல்லை. உங்கள் கோபத்துக்கும் நியாயம் இருக்கிறது, ஈர்ப்புக்கும் நியாயம் இருக்கிறது. இரண்டும் ஒரே புத்தகத்தின் வெவ்வேறு பக்கங்களில் இருந்து கிளம்புவதால்தான் குழப்பம். கதை தெரியாதவர்களுக்கு ஒரு வரி: கல்லூரி மாணவி அனஸ்தேசியாவுக்கும், பாலுறவில் தன் சொல்லுக்கு அடங்கும் பெண்ணைத் தேடும் கோடீஸ்வரன் கிறிஸ்டியனுக்கும் நடக்கும் காதல்தான் நாவல். அவன் வீட்டில் கயிறும் சாட்டையும் வைத்திருக்கும் தனி அறைதான் சிவப்பு அறை. இந்த நாவலைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேர் கோபத்தை முழுக்கக் கயிறு, பெல்ட், சிவப்பு அறை மேல் இறக்கிவிடுகிறார்கள். கதையில் நிஜமாகவே உறுத்த வேண்டியவை அந்த அறைக்கு வெளியேதான் நடக்கின்றன: பாரில், கார் ஷெட்டில், சாப்பாட்டு மேசையில், அவள் கையிலிருக்கும் போனில். அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில், ஏன் கீழே வைக்க முடியவில்லை என்பது. இது புத்தகமாகப் பிறந்த கதை இல்லை. லண்டனில் தொலைக்காட்சித் துறையில் வேலை பார்த்த ஈ. எல். ஜேம்ஸ், ரத்தம் குடிக்கும் வாம்பயர் காதல் கதையான ‘ட்வைலைட்’ நாயகன் நாயகியை வைத்து, ‘மாஸ்டர் ஆஃப் தி யூனிவர்ஸ்’ என்ற தலைப்பில் இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதிய ரசிகர் புனைவு. பிறகு பெயர்களை மாற்றி, 2011-இல் ஆஸ்திரேலியாவின் ஒரு சிறு பதிப்பகம் வழியாக வந்தது. 2012-இல் விண்டேஜ் பதிப்பகம் உரிமை வாங்கியது. 2014 தொடக்கத்தில் மூன்று பாகங்களும் சேர்ந்து 10 கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டன. ரத்தம் குடிக்கும் காதலனால் வரும் ஆபத்து, இங்கே சாட்டை வைத்திருக்கும் கோடீஸ்வரனால் வரும் ஆபத்தாக மாறியிருக்கிறது. மற்றபடி எலும்புக்கூடு அதேதான்: வாஷிங்டன் மாநிலம், தடுக்கி விழும் பெண், “என்னிடமிருந்து விலகிப் போ” என்று சொல்லிக்கொண்டே நெருங்கி வரும் ஆண்.

வாரப் பத்திரிகைத் தொடர்கதை படித்தவர்களுக்கு ‘தொடரும்’ போடுகிற இடம் எவ்வளவு முக்கியம் என்று தெரியும். இங்கேயும் அதே கணக்கு. இருபத்தாறு அத்தியாயங்கள், பெரும்பாலானவை ஒரு கேள்வியிலோ, மின்னஞ்சலிலோ, கதவு திறப்பதிலோ முடிகின்றன. முதல் முழு உடலுறவுக் காட்சி எட்டாவது அத்தியாயத்தில்தான் வருகிறது. அதுவரை அவள் அவனை எடுக்கும் நேர்காணல், அவள் வேலை பார்க்கும் கடைக்கு அவன் வந்து கயிறும் கேபிள் டையும் வாங்குவது, ஹெலிகாப்டர், ரகசியம் காக்கும் பத்திரம், அறையைத் திறந்து காட்டுவது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறார். தன்மையில், நிகழ்காலத்தில் எழுதியிருப்பதால் அனஸ்தேசியாவுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. ‘இவன் ஏன் இப்படி இருக்கிறான்’ என்ற ஒரே கேள்விதான் கதையின் எஞ்சின். அவன் இல்லாத பக்கங்களில் அந்த எஞ்சின் நின்றுவிடுகிறது, நீங்கள் சலித்ததும் அதனால்தான்.

நடை பற்றிய எரிச்சலுக்கும் அதே பிறப்புதான் காரணம். உதட்டைக் கடிப்பது, முகம் சிவப்பது, கண்ணை உருட்டுவது, ‘உள்ளே இருக்கும் தேவதை’ குதியாட்டம் போடுவது, மூக்குக் கண்ணாடி போட்ட ‘ஆழ்மனம்’ முறைப்பது எல்லாம் திரும்பத் திரும்ப வருகின்றன. (நினைவுக்கே எட்டாமல் இருப்பதுதான் ஆழ்மனம். இந்தக் கதையில் அது பக்கத்து வீட்டு அத்தை மாதிரி ஓயாமல் பேசுகிறது!) ஒரு அத்தியாயத்துக்கும் அடுத்ததற்கும் சில நாள் இடைவெளி விட்டுப் படித்தவர்களுக்கு இவை பாத்திரத்தை ஞாபகப்படுத்தும் அடையாளங்கள். இரண்டு ராத்திரியில் ஒரே மூச்சாகப் படிக்கும் உங்களுக்கு அவை ஆணி அடிப்பது போலக் கேட்கும். அமெரிக்க மாணவர்கள் அங்கங்கே பிரிட்டிஷ்காரர்களைப் போலப் பேசுவதும் பதிப்பாசிரியரின் பேனா போதிய அளவு ஓடவில்லை என்பதைத்தான் காட்டுகிறது. மோசமான வாக்கியமும் வலுவான கட்டமைப்பும் ஒரே நாவலில் இருக்க முடியும். ஜனரஞ்சக நாவல்களில் அது சகஜம்.

இப்போது ஒப்பந்தம், அதாவது அவள் எதற்கெல்லாம் அடங்க வேண்டும் என்று அவன் எழுதிக் கொடுப்பது. நாவலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். பதினோராம் அத்தியாயத்தில் ஒப்பந்தத்தை உறுப்பு உறுப்பாக அப்படியே அச்சிட்டிருக்கிறார்: மூன்று மாதக் காலம், வெள்ளிக்கிழமை மாலை முதல் ஞாயிறு வரை அவள் அவனிடம், தூக்கம், உடற்பயிற்சி, சாப்பாட்டுப் பட்டியல், ஒருபோதும் செய்யக் கூடாதவை, பேசி முடிவெடுக்க வேண்டியவை, நிறுத்தச் சொல்லும் இரண்டு வார்த்தைகள் (சேஃப் வேர்ட்). ‘மஞ்சள்’ என்றால் தாங்கும் எல்லை நெருங்குகிறது, ‘சிவப்பு’ என்றால் உடனே நிறுத்து. பிறகு போர்ட்லாண்டின் ஹீத்மேன் ஹோட்டலில் இருவரும் உட்கார்ந்து பேரம் பேசுகிறார்கள். இதற்குச் சட்டப்படி எந்த மதிப்பும் இல்லை என்று அவளே சொல்கிறாள், தெரியும் என்று அவனும் ஒப்புக்கொள்கிறான். சாப்பாட்டுப் பட்டியலுக்கு முடியவே முடியாது என்கிறாள், அது விழுகிறது. வாரம் நான்கு மணி நேர உடற்பயிற்சி மூன்றாகக் குறைகிறது. அதுவரை தடுக்கி விழுந்துகொண்டிருந்த பெண்ணுக்கு அந்த மேசையில்தான் முதுகெலும்பு தெரிகிறது. ஒரு பெண் தனக்கு என்ன வேண்டும், எது வேண்டாம் என்று ஆணின் முகத்துக்கு நேராக வரி வரியாகச் சொல்லும் காட்சி காதல் நாவல்களில் அரிது. நிறையப் பெண்களை இந்த நாவல் பிடித்து இழுத்ததில் கட்டில் காட்சிகளுக்கு இருக்கும் அதே பங்கு இந்தக் காட்சிக்கும் உண்டு என்பேன். சமூகவியலாளர் இவா இல்லூஸ் 2014-இல் இந்த நாவலைப் பற்றித் தனி நூலே எழுதினார். உறவில் இன்றைய ஆண்களும் பெண்களும் படும் குழப்பங்களுக்கு இது ஒரு சுய உதவிக் கையேடு போல வேலை செய்கிறது என்பது அவர் வாதம். ஹீத்மேன் காட்சியைத் திரும்பப் படித்தால் அந்த வாதத்தின் நியாயம் புரியும்.

நிஜத்தில் இப்படித்தான் நடக்குமா என்று கேட்டீர்கள். பாதி ஆம். எல்லைகளை முன்கூட்டியே பேசுவது, ‘சரி, இருக்கலாம், கூடவே கூடாது’ என்று மூன்றாகப் பிரித்துப் பட்டியல் போடுவது, நிறுத்தும் சொல் வைத்துக்கொள்வது எல்லாம் கட்டுவதும் அடிப்பதும் கலந்த இந்தப் பாலுறவுப் பழக்கம் உள்ளவர்கள் நிஜமாகவே செய்வது. 1980-களிலேயே அமெரிக்காவில் ‘பாதுகாப்பு, நிதானம், சம்மதம்’ என்ற மூன்று அளவுகோல்களை அவர்கள் வகுத்துக்கொண்டார்கள். நாவல் சறுக்குவது அதை நடத்திக் காட்டும் விதத்தில்.

சம்மதத்துக்கு முதல் தேவை தகவல். அனஸ்தேசியாவுக்கு இதில் மட்டும் அல்ல, எந்தப் பாலுறவிலும் முன் அனுபவம் இல்லை. கேட் என்ற தோழியிடம் கேட்கலாம் என்றால், ரகசியப் பத்திரத்தில் முதல் நாளே கையெழுத்து வாங்கியாகிவிட்டது. விவரம் தேட அவளுக்குக் கிடைப்பது அவன் கொடுத்த மடிக்கணினி. யாரிடமும் பேச முடியாதவள் சொல்லும் ‘சரி’ எவ்வளவு பலவீனமானது என்று நாவல் ஓரிடத்திலும் நின்று யோசிப்பதில்லை. புதியவரோடு பழகும் அனுபவசாலி இதற்கு நேர் எதிராகத்தான் நடப்பார். பொது இடத்தில் சந்திப்பார், நம்பிக்கையான ஒருவருக்குத் தகவல் சொல்லிவிட்டு வரச் சொல்வார், மது இல்லாத நேரத்தில் பேசுவார், மிக லேசானதில் தொடங்கி ஒவ்வொரு படியிலும் கேட்பார். தண்டனை என்ற பேச்சே வெகு பின்னால்தான் வரும், வராமலும் போகலாம்.

அடுத்தது, முடிந்தபின் கவனித்துக்கொள்வது. போர்த்திவிடுவது, தண்ணீர் கொடுப்பது, கூடவே இருப்பது, மறுநாள் விசாரிப்பது இதில் அடக்கம். உடம்பில் ஏறிய பரபரப்பு வடியும்போது சிலருக்குக் காரணமில்லாமல் அழுகை வரும், அதனால்தான் இந்த ஏற்பாடு. நாவலில் அவன் முதன்முறை அவளைத் தண்டனையாக அடித்துவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்பிப் போய்விடுகிறான். அவள் தனியாக அழுகிறாள். அவமானமாக இருந்தது என்று மின்னஞ்சல் போகிறது. உண்மையிலேயே அப்படி உணர்கிறாயா, உணர வேண்டும் என்று நினைக்கிறாயா என்ற பாணியில் பதில் வருகிறது. அந்த இரவே அவன் திரும்பி வருகிறான் என்பது உண்மை. ஆனாலும் அந்தப் பதிலில் இருக்கும் தந்திரத்தைக் கவனியுங்கள். வலி அவளுடையது, அதை அளக்கும் கோல் மட்டும் அவன் கையில். மேலும், அவள் அந்த ஒப்பந்தத்தில் கடைசி வரை கையெழுத்தே போடவில்லை. கையெழுத்து ஆகாத ஒப்பந்தத்தின் விதிகளுக்காகத்தான் தண்டனை.

கடையில் வாங்கும் கேபிள் டை பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இதைப் பார்த்துச் செய்ய நினைப்பவர்கள் உண்டு. மெல்லிய பிளாஸ்டிக் பட்டை, இழுத்தால் இறுகும், தளராது. தோலை அறுக்கும், மணிக்கட்டு நரம்பை நசுக்கும். கட்டுவதென்றால் அகலமான மென்மையான துணி, உள்ளே இரண்டு விரல் நுழையும் இடைவெளி, கை எட்டும் தூரத்தில் முனை மழுங்கிய கத்தரிக்கோல். மரத்துப்போனால், விரல் நிறம் மாறினால் உடனே அவிழ்க்க வேண்டும். கட்டியவர் அறையைவிட்டு நகரக் கூடாது. கழுத்துப் பக்கமே போகக் கூடாது. வாய் பேச முடியாத நிலை என்றால் நிறுத்தும் சொல் பயன்படாது. கையில் சாவிக்கொத்தைக் கொடுத்து, கீழே போட்டால் நிறுத்து என்று பேசிக்கொள்வார்கள்.

இனி அறைக்கு வெளியே. பாரில் இருந்து அவள் குடித்துவிட்டுப் போன் செய்தால், கைபேசியை வைத்து இடத்தைக் கண்டுபிடித்து அங்கே வந்து நிற்கிறான். அம்மாவைப் பார்க்க ஜார்ஜியாவுக்குப் போகிறாள், தள்ளி இருந்து யோசிக்க வேண்டும் என்பதற்காக, அங்கேயும் வந்துவிடுகிறான். அவளுடைய பழைய பீட்டில் கார் கைமாறி, இடத்தில் புது ஆடி வந்து நிற்கிறது. கருத்தடைக்கு மருத்துவரை அவன் வீட்டுக்கே வரவழைக்கிறான். தட்டில் மிச்சம் வைத்தால் முறைக்கிறான். நண்பன் ஹோசே பக்கத்தில் வந்தால் முகம் மாறுகிறது. தாமஸ் ஹார்டியின் ‘டெஸ்’ நாவலின் முதல் பதிப்பு மூன்று தொகுதிகள் பரிசாக வருகின்றன, மதிப்பு 14,000 டாலர். கடன்பட்ட உணர்வை ஏற்படுத்தும் பரிசு அது. இவற்றில் ஒன்றுக்காவது நிறுத்தும் சொல் கிடையாது. அறைக்குள்ளே ‘சிவப்பு’ என்றால் நின்றுவிடுவான் என்று ஒரு விதியாவது இருக்கிறது. ஜார்ஜியாவுக்குப் பறந்து வருபவனிடம் எந்த வார்த்தையைச் சொல்வது?

2013-இல் ஏமி பொனோமி தலைமையில் சில ஆய்வாளர்கள் முதல் பாகத்தை அத்தியாயவாரியாக அலசி, பின்தொடர்தல், மிரட்டல், தனிமைப்படுத்தல் என்று குடும்ப வன்முறை வரையறைகளுக்குள் அடங்கும் நடத்தைகள் நிறைய இருப்பதாக எழுதினார்கள். அந்தப் பட்டியலோடு எனக்குப் பெரிய மறுப்பில்லை. அடுத்த ஆண்டு வந்த அவர்களுடைய இன்னொரு ஆய்வை மட்டும் கவனமாகப் படிக்க வேண்டும். இதைப் படித்த 18 முதல் 24 வயதுப் பெண்களிடம் மோசமான துணை, சாப்பாட்டுக் கோளாறு போன்றவை கூடுதலாகத் தெரிந்தன என்றது அது. படித்ததால் அப்படி ஆனார்களா, ஏற்கெனவே அப்படி இருந்தவர்கள் இதைத் தேடிப் படித்தார்களா என்பதை அந்த வகை ஆய்வால் சொல்ல முடியாது. “இதைப் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள்” என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டுகிறவர்களை நம்பாதீர்கள்.

கடைசி அத்தியாயத்தில் நீங்கள் அழுதது சரியான இடம். எவ்வளவு மோசமாகப் போகும் என்று காட்டு என்று அவளே கேட்கிறாள். பெல்ட்டால் ஆறு அடி. ஒவ்வொன்றையும் அவள் எண்ண வேண்டும். ஆறு வரை எண்ணி முடிக்கிறாள், நிறுத்தும் சொல்லைச் சொல்லவில்லை. அவன் அணைக்க வரும்போது தள்ளிவிட்டு, அன்றே வீட்டைவிட்டுப் போகிறாள். அவள் கேட்டாளே, சொல்லாமல் இருந்தாளே, அப்புறம் அவன்மேல் என்ன தப்பு என்று சிலர் வாதிடுவார்கள். பயமும் பிடிவாதமும் ‘இதைத் தாங்கினால்தான் இவன் எனக்கு’ என்ற நினைப்பும் சேர்ந்தால் வாய் எழும்பாது. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் எதிரில் இருப்பவர் வாய் திறக்கும் வரை காத்திருப்பதில்லை. முகம், மூச்சு, அசைவு பார்த்து நடுவிலேயே நிறுத்திக் கேட்பார்கள். அவன் கேட்கவில்லை. அழகாக எழுதப்பட்ட காட்சி என்று சொல்ல மாட்டேன், ஆனால் நாவலில் நேர்மையாக எழுதப்பட்ட காட்சி அது. நாயகியின் ஆசைக்கும் எல்லைக்கும் நடுவே இருந்த பொய் அங்கே உடைகிறது.

உங்களுக்கு அழுகை வந்ததற்கு வகைமை சார்ந்த காரணமும் உண்டு. காதல் நாவல் என்றால் முடிவில் இருவரும் சேர்ந்திருக்க வேண்டும், குறைந்தபட்சம் நம்பிக்கையாவது மிஞ்ச வேண்டும். அந்த வகையின் எழுதப்படாத வாக்குறுதி இது. முதல் பாகம் அதை மீறுகிறது. ஐந்நூறு பக்கம் கொடுத்த வாக்கைக் கடைசிப் பக்கத்தில் திரும்ப எடுத்துக்கொண்டால் யாருக்கும் வயிற்றில் அடித்தது போலத்தான் இருக்கும். உடனே இரண்டாம் பாகத்தை வாங்க வைத்ததும் அதுதான்.

கிளர்ச்சி வந்தது பற்றிக் குற்ற உணர்ச்சி இருந்தால், அதை விடுங்கள். உடம்பு தரும் எதிர்வினை மனம் தரும் ஒப்புதல் ஆகாது. கற்பனையில் கயிற்றின் இரண்டு நுனியும் வாசகியிடமே இருக்கின்றன. வேண்டாம் என்றால் புத்தகத்தை மூடலாம், அந்த வசதி அனஸ்தேசியாவுக்குக் கிடையாது. கதையில் ஒருவனை ரசித்து, வாழ்க்கையில் அப்படிப்பட்டவனைக் கண்டால் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போவதில் முரண்பாடு எதுவும் இல்லை. மருத்துவ உலகமும் இதில் தெளிவாகிவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013 கையேடு, சம்மதமுள்ள பெரியவர்களுக்கிடையிலான இத்தகைய விருப்பத்தை நோய் என்று சொல்வதில்லை. அது துன்பம் தந்தால், வாழ்க்கையைக் கெடுத்தால், சம்மதிக்காதவர்மேல் திணிக்கப்பட்டால்தான் கோளாறு.

இந்த இடத்தில் நாவல்தான் பின்தங்கியிருக்கிறது. கிறிஸ்டியனுக்கு ஏன் இந்த நாட்டம் என்றால், சிறு வயதுக் கொடுமை, பதினைந்து வயதில் அம்மாவின் தோழி அவனைப் பயன்படுத்திக்கொண்டது என்று காரணம் அடுக்குகிறது. அடுத்த பாகங்களில் காதல் அதைக் குணப்படுத்துகிறது. நிஜமாகவே இப்படி வாழும் பலருக்கு இந்த நாவல்மேல் இருக்கும் மனத்தாங்கல் இதுதான்: எங்கள் விருப்பத்தைக் காயத்தின் தழும்பாகக் காட்டிவிட்டார்கள் என்று. பதினைந்து வயதில் நடந்ததைச் சிறார் வதை என்று அனஸ்தேசியா மட்டும் ஆரம்பத்திலிருந்தே சரியான பெயர் சொல்லிக் கோபப்படுகிறாள். அவளுக்கு அந்தப் பெருமையைக் கொடுத்தாக வேண்டும்.

தோழிகளிடம் என்ன சொல்வது? ‘பிடித்தது’, ‘பிடிக்கவில்லை’ என்று ஒரே மதிப்பெண் போடாதீர்கள். வாக்கியம் சுமார், கட்டமைப்பு கெட்டி, பேரம் பேசும் காட்சி அருமை, நாயகன் வெளியே நடந்துகொள்ளும் விதம் பயங்கரம், கடைசி அத்தியாயம் மனதில் நிற்கிறது என்று பிரித்துச் சொன்னால் சிரிக்க ஒன்றும் இருக்காது. “நீ படித்தாயா?” என்று திருப்பிக் கேட்டால் பாதிப் பேர் படித்திருக்க மாட்டார்கள். 2015-இல் வந்த படத்தை வைத்துப் பேசுகிறவர்களும் உண்டு. இந்தியாவில் அதற்குத் தணிக்கைச் சான்றிதழே கிடைக்கவில்லை. படத்தில் அவளுடைய உள்மனப் புலம்பல் இல்லாததால் நாயகி இன்னும் நிமிர்ந்து தெரிவாள். நாவலைப் பற்றிய வாதத்துக்கு அது உதவாது.

அடுத்த பாகங்கள்: இரண்டாவதில் ஒப்பந்தம் பின்னுக்குப் போய், பழைய காதலி, மேலதிகாரி என்று வில்லத்தனம் சேர்கிறது. மூன்றாவதில் கல்யாணம், கடத்தல், குழந்தை. நீங்கள் எதிர்பார்த்த சந்தோஷ முடிவு அங்கே கிடைக்கும், பதிலாக ஒப்பந்த மேசையில் பார்த்த பெண் மெல்ல மெல்ல மங்குவாள். 2015-இல் வந்த ‘கிரே’ இதே கதையை அவன் வாயால் சொல்கிறது. மர்மமாக இருந்தவரை அவனிடம் இருந்த கவர்ச்சி, அவன் மனதுக்குள் ஓடுவதைப் படித்ததும் காணாமல் போகிறது. மனதை மாற்றிக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு நல்ல மருந்து, மற்றவர்கள் கடைசியில் படியுங்கள். வரிசை என்றால் வெளியான வரிசையே போதும். இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் அவள் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பதிப்பகத்தையே அவன் விலைக்கு வாங்குவான். அந்த இடத்தில் உங்களுக்கு எரிச்சல் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், பிறகு அது குறையப் போவதில்லை.